தலைக்குள் ஒரு மைக்

என்னுடைய குரல் ஒரு பெண்ணின் தலைக்குள் ஒன்றரை வருஷம் குடியிருந்தது. இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் அசர மாட்டாள். "அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை வருஷம், எனக்கு இருபத்தஞ்சு வருஷம். யாரு பாவம்னு நீங்களே சொல்லுங்க" என்பாள்.

என் பெயர் தவசிக்கனி. அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது, மைக் தவசி என்றால்தான் தெரியும். தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் வரை எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் வர்ணனை என்னுடையதுதான். என் வர்ணனை எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஆடி மாதம், தேரிக்காட்டுப் பக்கம் ஆட்டம். பாதியில் காற்று செம்மண்ணை வாரி அடித்து, எதிரே ஆடுகளம் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. நான் நிறுத்தவில்லை. இதோ பாடி வருகிறார், இதோ மடக்குகிறார்கள், இதோ நழுவுகிறார் என்று ஒரு முழு ரைடையும் ஓட்டி முடித்து, ஒரு புள்ளியும் கொடுத்துவிட்டேன். ஜனம் விசில் அடித்தது. புழுதி அடங்கிப் பார்த்தால், இரண்டு அணியும் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் அதை என் நல்ல வர்ணனைகளில் ஒன்றாகத்தான் நினைக்கிறேன்.

மேலப்புதுக்குளம் சுடலைவடிவு பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக முதல் ரைடுக்குப் போனதும் என் மைக்கில்தான். நாங்கள் வடிவு என்று கூப்பிடுவோம். குச்சி மாதிரி ஒரு பெண். எதிரணியில் ஏழு பேரும் கை கோத்து நின்றாலும், நடுவில் புகுந்து ஒருத்தியைத் தொட்டுவிட்டு, கோட்டுக்குத் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பனியனில் மண்ணைத் தட்டுவாள். பெரிய மாவட்டப் போட்டிகளுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு ரைடுக்கு முன்னாலும் ஒலிபெருக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அது எனக்குப் பெருமையாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

அவள் மாநில அணிக்குத் தேர்வாக வேண்டிய வருஷம், பயிற்சிக்குப் போகும் வழியில் பைக்குக்கு முன்னால் மாடு ஒன்று பாய்ந்தது. தலையில் அடி. வலது மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது, கட்டிலில் படுத்தபடி மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். கபடி, கபடி, கபடி. அவளுடைய இடது கை வயிற்றின் மேல் கிடந்தது. வலது கையால் அதை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எவளோ பிடிச்சிருக்கா. விட மாட்டேங்கா" என்றாள் வடிவு. "கோட்டைத் தொட்டுட்டா விட்டுருவா. கோடு எந்தப் பக்கம் இருக்கு?"

அது உன் கைதான் தாயி என்றேன். அவள் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏமாற்ற வந்தவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. "என் கை இவ்வளவு கனம் கிடையாது. இது எதிர் டீம்காரி கை" என்றாள், மூச்சு விடாமல், சந்தேகமே இல்லாமல். புழுதிக்குள் நான் புள்ளி கொடுத்தேனே, அதே தொனியில்.

எத்தனையோ பேர் கால் முறிந்து ஆட்டத்தை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி தன் கையிடமே பிடிபட்டுக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

சில மாதங்களில் கையும் காலும் அசைய ஆரம்பித்தன. பலத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனால் அவளுக்கு இடப்பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் போடு என்பாள். வலப்பக்கச் சடையை மட்டும் பின்னி, இடப்பக்க முடியை அவிழ்த்துப் போட்டபடி வெளியே கிளம்புவாள். கதவு நிலையில் இடது தோள் இடிக்கும். ஏன் இடது கையைத் தூக்கவில்லை என்று கேட்டால், இப்போ தூக்க இஷ்டமில்லை என்பாள், அசதி என்பாள், ஏற்கெனவே தூக்கிவிட்டேனே என்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

இந்த இடத்தில்தான் டாக்டர் நூர்ஜமீலா வருகிறார். மேலப்பாளையத்துப் பெண். திருநெல்வேலியில் ஒரு சின்ன மூளை ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அங்கே ஒரு கருவி செய்திருந்தார், பெயர் துணைக்குரல். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் பொட்டு அளவில் ஒன்று. இடது கையிலும் காலிலும் போடும் உறையில் மயிரிழை மாதிரி கம்பிகள். இடது கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று கம்பிகள் பொட்டுக்குச் சொல்லும். பொட்டு அதைப் பேச்சாக்கி மூளைக்குள் பேசும். காதுக்குக் கேட்காது, நேராக உள்ளேதான்.

ஒரு நாள் அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். எதற்கு என்று புரியாமல் காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

"அண்ணாச்சி, நம்ம மூளை ரெண்டு பாதி. இடது பாதி உங்களை மாதிரி, மைக் பிடிச்ச ஆளு. பேசுறது, பேர் சொல்றது, காரணம் சொல்றது எல்லாம் பெரும்பாலும் அதுதான்" என்றார். "வலது பாதி சுண்ணாம்பைக் கொண்டு களத்துல கோடு போடுற ஆளு. அதுக்குப் பேச வராது. ஆனா உடம்பு எதுவரைக்கும் இருக்கு, எங்க முடியுதுன்னு அதுதான் கணக்கு வச்சிருக்கும். வடிவுக்கு அந்தக் கோடு போடுறவருக்கு அடி. களத்துல பாதிக்குக் கோடே இல்ல."

கோடு இல்லையென்றால் மைக்காரன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன்.

"நீங்க நிறுத்தினீங்களா?" என்றார். புழுதிக் கதை மேலப்பாளையம் வரை போயிருக்கிறது. "இடது மூளையும் அப்படித்தான். தெரியலன்னு சொல்லவே சொல்லாது. பாக்காததையும் பாத்த மாதிரி சொல்லிக்கிட்டே போவும். அதனாலதான் அவ கையை எதிர் டீம்காரி கைங்கா."

அவருடைய யோசனை எளிமையானது. கோடு போடுகிறவர் போய்விட்டார். மைக்காரன் நன்றாக இருக்கிறான். அப்படியென்றால் இடப்பக்கத்துச் செய்தியை மைக்காரனுக்குப் புரிகிற மொழியில், பேச்சாகவே கொடுத்துவிடலாம். முதலில் ஆய்வுக்கூடத்தில் ஒரு அம்மாவின் குரலைப் போட்டிருக்கிறார்கள். இடது மேற்கை உயர்த்தப்பட்டுள்ளது என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி அது சொல்லி முடிப்பதற்குள் தம்ளர் தரையில் உருண்டிருக்கும். தவிரவும் வடிவு அந்தக் குரலை மதிக்கவே இல்லை. அப்போதுதான் அவள் அம்மா சொல்லியிருக்கிறார், அவள் பத்து வருஷமாக ஒரே ஒரு குரலுக்குத்தான் ஓடியிருக்கிறாள் என்று.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து நல்ல நல்ல வாக்கியங்களாகத் தயார் செய்தேன். மின்னலென நீளும் இடக்கரம், புயலெனப் புகும் இடக்கால், இந்த மாதிரி. ஒலிப்பதிவு அறையில் கண்ணை மூடி முழங்கிவிட்டு வெளியே வந்தால், டாக்டரம்மா தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். இவ்வளவு வேண்டாம் என்றார். கை, கால், தோள், உள்ளே, வெளியே, கோடு. இப்படி ஒற்றைச் சொற்கள் போதுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேச்சாலேயே பொழப்பு நடத்துகிறவனைக் கூப்பிட்டு, கை கால் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல் என்றால் எப்படி இருக்கும்.

"பேச்சுக்கு உள்ள ஒரு நாற்காலிதான் கிடக்கு அண்ணாச்சி" என்றார் அவர். "அவ கபடி கபடின்னு பாடும்போது அதுலதான் உட்காந்திருப்பா. யாராவது அவகிட்டப் பேசினா அவங்களும் அதுலதான் வந்து உட்காரணும். நீங்க ஓரமா, ஒடுங்கி உட்காரணும். பெரிய வாக்கியத்தோட வந்தா எல்லாரையும் கீழ தள்ளிருவீங்க."

அப்படியாக நான் ஒற்றைச் சொல் தவசியாகி, வடிவின் தலைக்குள் போனேன்.

கருவி வேலை செய்தது. இரண்டு சடையும் பின்னினாள். தட்டைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டாள். நிலையில் இடிக்கவில்லை. ஆனால் இது சும்மா கிடைத்த வரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஒற்றை நாற்காலி அவள் வீட்டையே மாற்றிவிட்டது. யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால் என் குரல் அமுங்கிவிடும், இடப்பக்கம் மறைந்துவிடும், கையிலிருப்பது விழும். அதனால் வீட்டில் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவள் சாப்பிடும்போது அம்மா வாயைத் திறப்பதில்லை. முன்பெல்லாம் சோற்றைப் போட்டுக்கொண்டே தெருக்கதை முழுக்கச் சொல்கிற மனுஷி அவர்.

பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் அடுத்தவன் குரல் இவள் தலைக்குள் பேசிக்கொண்டிருக்குமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள் வடிவு. அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் என்னைப் பார்த்ததும் முதலில் திட்டுவதே வழக்கமாகிவிட்டது. குளிக்கும்போது கூட கை, கால் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், கொஞ்சம் மூச்சு விடக் கூடாதா என்பாள். நான் என்ன செய்ய, அது உள்ளே இருக்கிற தவசி என்பேன்.

"உள்ள இருக்க தவசி எவ்வளவோ மேல். அவன் சுருக்கமாப் பேசுதான்" என்பாள்.

ஆனாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. இடது கையை அவள் ஒருநாளும் என் கை என்று சொன்னதில்லை. கை எங்கே இருக்கிறது என்று தவசி சொல்கிறான், அதனால் தெரிகிறது, அவ்வளவுதான். டாக்டரம்மாவிடம் ஒரு நாள் சொன்னாளாம்: "வாடகைக்கு ஒரு கை கொடுத்திருக்கீங்க. நல்ல கைதான். ஆனா எனக்குச் சொந்தம் இல்ல."

அந்தக் கையோடுதான் களத்துக்குத் திரும்பினாள். முதலில் தடுப்பாட்டம், பிறகு மெல்ல ரைடு. மாநிலத் தேர்வுக்குழு ரொம்ப யோசித்துவிட்டு ஒரு ஆட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. மாவட்டங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டி. தேர்வாளர்கள் நேரில் வந்து உட்காருவார்கள். முழு ஆட்டமும் ரைடராகத் தாக்குப்பிடித்தால் மாநில அணி. தடுமாறினால், தலையில் மறுபடி அடிபடும் அபாயம் என்று எழுதி, எந்த ஆட்டத்துக்கும் இனி அனுமதி கிடையாது. எதிரணி கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண்கள். தலைக்குள் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு ஆடுவது நியாயமா என்று அவர்கள் புகார் கொடுத்தார்கள். கருவிக்கு வடிவின் உடம்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று டாக்டரம்மா நிரூபித்துக் காட்டினார். கடைசியில், ஆட்டம் நடக்கும்போது கருவியை யாரும் தொடக் கூடாது, இடைவேளையில் மட்டும் தொடலாம் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்.

இத்தனை பேர் இத்தனை யோசித்தோம். டாக்டர், தேர்வாளர், நடுவர், எதிரணி, நான். ஒருவருக்கும் அந்த ஒரு விஷயம் தோன்றவில்லை. அன்றைக்கு மைக் பிடிக்கப் போவது யார்?

போட்டி சாயங்காலம் ஆரம்பித்தது. நான்கு மூலையிலும் கூம்பு ஒலிபெருக்கி கட்டி, நான் மேடையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன். வடிவு முதல் ரைடுக்குக் கிளம்பினாள். மேலப்புதுக்குளத்து வேங்கை திரும்பி வந்திருக்கிறது என்று ஆரம்பித்து, ஜனத்தைக் கிளப்பிவிட்டேன். எதிரணியில், வடிவுக்கு இடப்பக்க மூலையில் ஷெர்லி என்று நெடுநெடுவென ஒரு பெண், முட்டியில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி நின்றாள். காலைக் கவ்வுவதில் கெட்டிக்காரி. அவள் குனிந்ததைப் பார்த்ததும் என் வழக்கப்படி கத்தினேன்.

"கால்! கால்! காலுக்கு வருகிறார்!"

வடிவின் இடது கால் எதையோ மிதித்துவிட்ட மாதிரி படக்கென்று பின்னால் போனது. யாரும் அவளைத் தொடவே இல்லை. அவளாகவே தடுமாறி எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தாள்.

அடுத்த ரைடிலும் அப்படித்தான். கை நீளுகிறது என்று நான் யாரைப் பற்றியோ சொன்னேன், அவள் நீட்டாத தன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மூன்றாவது முறை பாடுவதையே பாதியில் விட்டாள். தேர்வாளர்கள் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். எதிரணி புள்ளி ஏறிக்கொண்டே போனது. நானோ, என்ன ஆயிற்று வடிவுக்கு, பழைய வேகம் எங்கே என்று மைக்கில் ஊருக்கே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பழைய பார்வை இல்லை. ஒரே குரலில் இரண்டு பேர் கூப்பிட, யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் திகைக்கிற முகம். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. உள்ளே ஒரு தவசி, வெளியே ஒரு தவசி. அவளுடைய இடப்பக்கத்தைப் பற்றி நான்கு மூலையிலிருந்தும் பொய்த் தகவல் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான்தான்.

மாடு செய்ததை மருத்துவர் சரி செய்தார், மருத்துவர் சரி செய்ததை நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இடைவேளை விசில் ஊதியது. விழாக் கமிட்டித் தலைவரிடம் போய், இனி வர்ணனை கிடையாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மைக் இல்லாத கபடியைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை, ஜவுளிக்கடை விளம்பரத்தை யார் வாசிப்பது, ஜனம் கல்லை விட்டு எறியும் என்றார். வேறு ஆளைப் போடலாம் என்றால் வேறு ஆளும் இல்லை. நான் மேடைக்குத் திரும்பி வந்து மைக் வயரைப் பிடுங்கி, சுருட்டி, மடியில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு இது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் கூட நான் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. மைக் சத்தம் இல்லை என்றதும் ஜனம் கூச்சல் போட்டது, எனக்கு வசவு விழுந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன். களத்தில் வடிவு ஒலிபெருக்கியை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாள். நன்றி சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது, கண் கலங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து டாக்டரம்மா இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி எனக்கு ஏதோ காட்டினார். அவருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது போல. பெரிய மனது பண்ணி, பரவாயில்லை என்று நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன்.

முதல் ரைடில் வடிவு நடுக்கோட்டை ஒட்டியே தயங்கித் தயங்கி நின்றுவிட்டு வெறும் கையோடு வந்தாள். அடுத்ததில் கொஞ்சம் உள்ளே போனாள். அதற்கடுத்து ஒருத்தியைத் தொட்டாள். கூச்சல் போட்ட ஜனம் மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கிய பிறகு ஒரு சத்தம் கேட்டது. கபடி, கபடி, கபடி. அவள் பாடுகிற சத்தம். பத்து வருஷமாக அவள் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லியிருக்கிறேன், களத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கேட்கவிட்டால்தானே.

வாயை மூடினால் கண் திறக்கும் போலிருக்கிறது. அவள் இடது காலை ஊன்றித் திரும்புவதை அன்றுதான் பார்த்தேன். முன்பு எப்படித் திரும்புவாளோ அப்படியே திரும்பினாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக நெருங்கின.

கடைசி ரைடு வந்தது. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஒருத்தியைத் தொட்டால் சமன், இரண்டு பேரைத் தொட்டால் வெற்றி. பிடிபட்டால் எல்லாம் போச்சு, கோப்பை மட்டும் இல்லை. வடிவு உள்ளே போனாள். வலது காலை வீசி வலப்பக்க மூலைக்காரியின் கணுக்காலைத் தொட்டாள். ஜனம் எழுந்து நின்றது. அவள் திரும்புவதற்குள் ஷெர்லியும் இன்னொருத்தியும் இடப்பக்கத்திலிருந்து சேர்ந்து பாய்ந்தார்கள். வடிவு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தாலும் பயனில்லை, அவளுக்கு அந்தப் பக்கம் கிடையாது. ஒரே மண்ணாகக் கிளம்பியது. உள்ளே யார் யார் மேல் கிடக்கிறார்கள் என்று தெரியவில்லை. வர்ணனைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மண் அடங்கியபோது வடிவின் வலது கை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தது. பாட்டு நிற்கவில்லை.

எழுந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்திதான், சமன் என்று தன் அணிக்காரிகளிடம் விரலைக் காட்டினாள். பாய்ந்த இரண்டு பேரும் அவளைத் தவறவிட்டார்கள் என்று நினைத்த நடுவரும் ஒரு விரலைத்தான் தூக்கினார். அப்போது ஷெர்லி கையை உயர்த்தியபடி களத்தை விட்டு வெளியே நடந்தாள். அவளுடைய அணி கத்தியது. அவள் நிற்கவில்லை.

"என்னையும் தொட்டாச்சு" என்றாள் நடுவரிடம். "இடக்கையால. முட்டியில நல்லாவே தொட்டா."

"எப்ப?" என்றாள் வடிவு. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

ஷெர்லி தன் முட்டியைக் காட்டினாள். பிளாஸ்டரைக் காணவில்லை. வடிவு குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது உள்ளங்கையில், செம்மண் அப்பி, அந்த வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவர் இரண்டு விரலைத் தூக்கியதையும், அணிக்காரிகள் வந்து மேலே விழுந்ததையும் அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. வலது கையால் இடது கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், விரித்தாள். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அவள் சொன்னது மேடை வரைக்கும் எனக்குக் கேட்டது.

"அம்மா, இது என் கை."

அந்த அம்மா அத்தனை மாதமும் அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் அங்கேயே கொட்டித் தீர்த்தார். அழுதுகொண்டே பேசினார், பேசிக்கொண்டே அழுதார். வடிவு கேட்டுக்கொண்டே, இடது கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். நான் மேடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல். தேர்வாளர்கள் அன்று இருட்டுவதற்கு முன்னால் முடிவைச் சொல்லிவிட்டார்கள். மாநில அணியில் வடிவு.

அதன் பிறகு என் வாயை யார் மூடுவது? டீக்கடை, கல்யாண வீடு, சலூன், எங்கே உட்கார்ந்தாலும் இதே கதைதான். கபடி சரித்திரத்திலேயே மௌனத்தால் கோப்பை வாங்கிக் கொடுத்த ஒரே வர்ணனையாளன் நான் என்பேன். என் மனைவி அடுக்களையில் பாத்திரத்தை டமார் என்று வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவும் டாக்டரம்மாவும் கருப்பட்டி மிட்டாயோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களிடமும் ஆரம்பித்தேன். வயரைப் பிடுங்கியது, கமிட்டித் தலைவரை எதிர்த்தது, ஜனத்தின் வசவைத் தாங்கியது, உள்ளே இருக்கிற தவசியின் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று வெளியே இருக்கிற தவசி செய்த தியாகம். சொல்லி முடித்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்து மிட்டாய் புரையேறிவிட்டது.

"அன்னைக்கு நான் கையைக் கையை ஆட்டினேனே, அது என்னன்னு நினைச்சீங்க?" என்றார்.

நன்றி சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன் என்றேன்.

"பேசுங்க, பேசுங்கன்னு சொன்னேன் அண்ணாச்சி. இடைவேளையில இவ துணைக்குரலை அணைக்கச் சொல்லிட்டா, நானும் அணைச்சுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. வடிவுதான் மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு தவசி சேந்து பேசினா ஆட முடியாதுன்னு எனக்கும் தெரிஞ்சிட்டு. ஒருத்தரை நிப்பாட்டணும். ஊருக்கு முன்னால உங்க வாயை மூடச் சொல்ல எனக்கு மனசு வரல. பேசலேன்னா செத்துல்லா போவிய. அதான் உள்ள இருக்கவனை அணைக்கச் சொன்னேன். வெளிய உங்க சத்தத்தைக் கேட்டு, முந்தி மாதிரி ஆடிப் பாத்துருவோம்னு போனா, அங்ஙன உங்க சத்தத்தையும் காணும்."

இரண்டாம் பாதி விசில் ஊதிய பிறகு கருவியைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. டாக்டரம்மாவால் கையை ஆட்டத்தான் முடிந்தது. நான் அதற்குப் பெரிய மனுஷன் மாதிரி பதில் கை காட்டினேன். அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தது நன்றிக்கு இல்லை. அண்ணாச்சி எங்கே போய்த் தொலைந்தார் என்றுதான் பார்த்திருக்கிறாள்.

அப்படியென்றால் அந்தக் கைக்கு யார் சொன்னது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றார். ஒன்றரை வருஷமாக நான் உள்ளே உட்கார்ந்து கை, கால், கோடு என்று ஓதிக்கொண்டே இருந்திருக்கிறேன். வலது மூளையில் அடிபட்ட இடத்தைச் சுற்றி மிஞ்சிக் கிடந்த பகுதி அதைக் கேட்டுக் கேட்டு, சத்தமில்லாமல் மறுபடி கோடு போடப் பழகியிருக்கிறது. மைக்காரன் பேசிக்கொண்டே இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை, வடிவுக்கே தெரியவில்லை. மூளையைப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மாவுக்கே நம்பிக்கை வந்ததாம்.

மறுபடி கருவியை ஓடவிட்டார்களா என்றேன்.

"இல்ல. எடுத்தாச்சு" என்றாள் வடிவு, காதுக்குப் பின்னால் இருந்த சின்னத் தழும்பை இடது கையால் தொட்டுக் காட்டி.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, ஒன்றரை வருஷம் குடியிருந்த இடம். முகத்தில் தெரிந்திருக்கும் போல. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு தவசியும் வாயை மூடின பொறவு வேற என்ன வழி அண்ணாச்சி? நானே ஆடினேன்."

போன மாதம் மதுரையில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி. மைக் என் கையில். வடிவு முதல் ரைடுக்கு எழுந்து வந்தபோது நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், பயத்தில். நடுக்கோட்டில் நின்று ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, இடது கையைத் தூக்கி, பேசுங்க என்று காட்டினாள்.

பேசினேன்.